கோபிக் என்று வந்த 72 மார்க்கரும் போலி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

“கோபிக் ஸ்கெட்ச், 72 வண்ணம், ஜப்பான் ஒரிஜினல்” என்று ஓர் இணையச் சந்தையில் போட்டிருந்த பெட்டியை வாங்கினோம். வந்த 72 பேனாவில் ஒன்றுகூட அசல் இல்லை. கேட்டதற்கு விற்றவர், “இது இந்தியாவுக்கென்று வருகிற பேட்ச், பிரிண்ட் கொஞ்சம் மாறியிருக்கும்” என்றார். அது எடுபடவில்லை என்றதும், “பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நாலில் ஒரு பங்கு பணம் தருகிறோம்” என்று இறங்கி வந்தார். அதற்கும் ஒப்புக்கொள்ளாமல் ஆதாரத்தைக் காட்டி நின்ற பிறகுதான் முழுத் தொகையும் திரும்பக் கிடைத்தது. எதை எதைப் பார்த்துப் போலி என்று உறுதிசெய்தோம், எந்த விதியைச் சொன்னபோது வேலை நடந்தது என்பதை மார்க்கர் வாங்குகிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முக்கியமாக, பிள்ளைக்குப் பரிசாக வாங்கித் தரும் பெற்றோர்கள். அவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அசலை அவர்கள் கையில் பிடித்துப் பார்த்ததே இல்லை.

கோபிக் என்பது தோக்கியோவைச் சேர்ந்த டூ கார்ப்பரேஷன் 1987 முதல் விற்கும் ஆல்கஹால் மார்க்கர். இன்று அதிகம் புழங்குபவை இரண்டு. ஸ்கெட்ச் வகையில் 358 நிறம் உண்டு, உடல் முட்டை வடிவம், மேசையில் வைத்தால் உருளாது. சியாவோ வகையில் 180 நிறம், உருண்டை உடல், மை கொள்ளளவு கொஞ்சம் குறைவு, விலையும் குறைவு. கிளாசிக் என்ற பழைய வகையில் 214 நிறம், அதன் உடல் சதுரமாக இருக்கும். இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் விளம்பரத்தைப் படிக்கும்போதே பாதிப் போலியைக் கழித்துவிடலாம். “கோபிக் 168 வண்ணம், ஜிப் பையோடு” என்று ஒன்று கண்ணில் பட்டால் அது கோபிக் இல்லை. ஸ்கெட்ச் 72 பெட்டிகள் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து தொகுப்பாகத்தான் வருகின்றன. இது எந்தத் தொகுப்பு என்று விற்பவரைக் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில் “மிக்ஸட் செட்”. அப்படி ஒரு 72 பெட்டி கிடையாது.

விலையைப் பற்றி ஒரே கணக்கு போதும். அசல் விற்கும் கடையில் ஒற்றை ஸ்கெட்ச் பேனா என்ன விலை என்று பார்த்து, அதை 72 ஆல் பெருக்குங்கள். இருபதாயிரத்தை எளிதாகத் தாண்டும். பெரிய செட் வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி உண்டுதான், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு எந்த இறக்குமதியாளரும் தர முடியாது. “ஸ்டாக் கிளியரன்ஸ்”, “கண்டெய்னர் லாட்” என்று சொல்லப்படும் காரணங்களை நம்பாதீர்கள். கோபிக் மை தீர்ந்தால் ரீஃபில் ஊற்றிப் பழையபடி எழுதவைக்கலாம் என்பதால், பழைய சரக்கைக்கூட யாரும் அடிமாட்டு விலைக்குத் தள்ளவேண்டிய அவசியம் இல்லை.

விமர்சனங்களையும் தேதியோடும் படத்தோடும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் முதலில் வேறொரு பொருளை விற்று, நல்ல விமர்சனம் சேர்ந்த பிறகு தலைப்பையும் படத்தையும் மாற்றிவிடுவது வழக்கமான தந்திரம். நாங்கள் வாங்கிய பக்கத்தில் நாலரை நட்சத்திரம் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் முக்கால்வாசிப் படங்களில் இருந்தவை பிள்ளைகளின் கிரேயான்.

இனி பேனா. போலியை அடையாளம் காண மிக நம்பகமான இடம் அதன் குறியீடு. பெட்டியையும் லோகோவையும் யாரும் அச்சடிக்கலாம். குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கை அப்படியே செய்து காட்டுவது அவர்களுக்கு வேலை மிகுந்த காரியம், அதனால் அங்கேதான் சறுக்குகிறார்கள். கோபிக் குறியீட்டின் எழுத்து வண்ணக் குடும்பத்தைச் சொல்கிறது: பி (B) என்றால் நீலம், ஆர் (R) சிவப்பு, ஒய்ஜி (YG) மஞ்சள் பச்சை, ஈ (E) என்றால் மண்ணும் தோலும் சார்ந்த நிறங்கள். எழுத்துக்குப் பின் வரும் முதல் இலக்கம் நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைச் சொல்லும். 0 என்றால் தூய நிறம், எண் கூடக் கூடச் சாம்பல் ஏறும். கடைசி இலக்கம் வெளிரா அடரா என்பதைச் சொல்லும். 0 மிக வெளிர், 9 மிக அடர். ஆகவே பி02, பி04, பி05, பி06 நான்கையும் வரிசையாகத் தாளில் தீட்டினால் ஒரே நீலம் படிப்படியாக அடர்ந்து போகவேண்டும். நமக்கு வந்ததில் பி04, பி02 ஐவிட வெளிறிக் கிடந்தது. பி06 ஊதா பக்கம் சாய்ந்தது.

அதைவிட நேரடியான ஒன்று. கோபிக்கின் சாம்பல் நிறங்களுக்கு சி (C), என் (N), டி (T), டபிள்யூ (W) என்று ஒற்றை எழுத்துதான். நம் பெட்டியில் டபிள்யூஜி3, சிஜி5 என்று பேனாக்கள் இருந்தன, பிஆர் என்று தொடங்கும் பழுப்புகளும் இருந்தன. டபிள்யூஜி, சிஜி, பிஆர் ஆகியவை கொரியாவின் ஷின்ஹான் நிறுவனம் தன் டச் ட்வின் மார்க்கருக்கு வைத்திருக்கும் எழுத்துகள். அந்த வரிசையைப் பார்த்துச் செய்த மலிவு மார்க்கர்கள் சந்தையில் ஏராளம். அவற்றில் ஒன்றை எடுத்து உடலில் கோபிக் என்று அச்சடித்தவர், குறியீட்டை மாற்ற மறந்திருக்கிறார். மூடியைத் திறக்காமலே, ஒரு சொட்டு மை செலவழிக்காமலே கண்டுபிடிக்கக்கூடிய சான்று இது. திருப்பி அனுப்பும்போதும் இதுதான் உதவியது, ஏனென்றால் “பயன்படுத்திவிட்டீர்கள், எடுத்துக்கொள்ள முடியாது” என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை.

அசல் ஸ்கெட்சின் மூடி உச்சியில் குறியீடு இருக்கும், உடலில் குறியீட்டோடு நிறத்தின் பெயரும் இருக்கும். ஆர்29 என்றால் லிப்ஸ்டிக் ரெட், ஈ00 என்றால் காட்டன் பெர்ல். பெயரே இல்லாமல் எண் மட்டும் இருந்தாலோ, எண்ணுக்கும் பெயருக்கும் பொருத்தம் இல்லாவிட்டாலோ, நிறுவனத்தின் வண்ண அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது முனை. ஸ்கெட்ச், சியாவோ இரண்டிலும் ஒரு பக்கம் சூப்பர் பிரஷ் என்ற வளையும் தூரிகை முனை, மறுபக்கம் சாய்வாக வெட்டிய பட்டை முனை. தூரிகை முனையைத் தாளில் மெல்ல அழுத்தினால் வளைந்து, எடுத்ததும் நிமிர வேண்டும். ஒரே இழுப்பில் மயிரிழைக் கோட்டிலிருந்து பட்டைக் கோடு வரை போக முடியும். போலியில் பெரும்பாலும் கெட்டியான ஃபெல்ட் கூம்பு ஒன்றைச் செருகியிருப்பார்கள். அது வளையாது, நாலு கோட்டில் நுனி பிசிறடித்துவிடும். அசலின் முனையை இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் முழுசாக வெளியே வரும், மாற்று முனை தனியாக விற்கிறார்கள். போலியில் ஒட்டியிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்துக்கொண்டு வரும். இந்தச் சோதனையைக் கடைசியாக, ஒரே ஒரு பேனாவில் மட்டும் செய்யுங்கள். முனை பிய்ந்துபோனால் சேதம் உங்கள் தலையில் விழும்.

மைக்கு வருவோம். நிறங்களைக் கலக்க உதவும், நிறமில்லாத பிளெண்டர் 0 என்ற பேனா பெட்டியில் இருந்தால் முதலில் அதை எடுங்கள். வெள்ளைத் தாளில் தீட்டி உலரவிட்டால் ஒரு சுவடும் மிஞ்சக்கூடாது. நம் பேனா மஞ்சள் கறை விட்டது. பிறகு ஏதாவது ஒரு வெளிர் நிறத்தை மார்க்கர் தாளில் ஒரு கட்டமாக நிரப்பி, ஈரம் காயும் முன் மேலே இன்னொரு தடவை போடுங்கள். அசல் மை தன்னைத்தானே சமன்செய்துகொண்டு ஒரே பரப்பாகும். போலியில் கோடு கோடாக நிற்கும், சாயமும் கரைப்பானும் பிரிந்து ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு வளையம் கட்டும். ஆல்கஹால் மார்க்கரா, தண்ணீர் மார்க்கரா என்றே ஐயம் இருந்தால், தீட்டிக் காய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் பக்கத்தில் ஒரு சொட்டு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் விடுங்கள். தண்ணீரில் நிறம் கலைந்தால் அது தண்ணீர் மை, ஸ்பிரிட்டில் பரவினால் ஆல்கஹால் மை. தண்ணீர் மை பேனாவை “ஆல்கஹால் மார்க்கர்” என்று விற்பதும் நடக்கிறது. அதை வைத்து அடுக்கடுக்காகத் தீட்டினால் தாளின் மேற்பரப்பு உருண்டு பிய்ந்து வரும்.

நியாயமாக இதையும் சொல்லவேண்டும்: சில குறைகள் அசலிலும் உண்டு, அவற்றை வைத்து யாரையும் குற்றம் சொல்லக்கூடாது. மை தாளின் பின்பக்கம் ஊறுவது ஆல்கஹால் மார்க்கரின் இயல்பு. மூடியின் பிளாஸ்டிக் நிறமும் தாளில் விழும் நிறமும் அச்சாக ஒன்றாக இருக்காது, அதனால்தான் எல்லோரும் வண்ண அட்டை தீட்டி வைத்துக்கொள்கிறார்கள். சாய மை என்பதால் வெயில்படும் சுவரில் மாட்டிய படம் வெளுத்துப்போகும். சியாவோ மூடியில் ஓட்டை இருப்பதும் குறையில்லை, குழந்தை விழுங்கிவிட்டால் மூச்சு அடைக்காமல் இருக்க வைத்தது. அசல் பேனா உலர்ந்து வந்தால் அது பழைய சரக்கு, 12 மில்லி மைப் புட்டியிலிருந்து நிரப்பினால் மீண்டும் எழுதும். போலிப் பேனாவில் மட்டும் நல்ல மையை ஊற்றி வீணாக்காதீர்கள். மூடி சரியாகப் பொருந்தாததால் கொஞ்ச நாளில் மறுபடி உலர்ந்துவிடும்.

இதே ஏமாற்று மற்றப் பேனாக்களிலும் இருக்கிறது. மெல்லிய கோடு போடும் சகுரா பிக்மா மைக்ரான் பேனாவை எடுத்துக்கொண்டால், அதில் இருப்பது நிறமி மை. எழுதிப் பத்து நிமிடம் காயவிட்டு ஈரத் தூரிகையால் தேய்த்தால் நகரக் கூடாது. கலைந்தால் உள்ளே சாய மைதான். 005 என்று போட்ட பேனாவின் கோடு 0.20 மில்லிமீட்டர், 01 இன் கோடு 0.25, 05 இன் கோடு 0.45. போலி செட்டில் 005, 01, 02 மூன்றும் ஒரே தடிமனில் எழுதும். டாம்போ டூயல் பிரஷ் தூரிகைப் பேனா என்று விற்பதில் “120 நிறம்” என்று இருந்தால் தள்ளி நில்லுங்கள். அந்த வரிசையில் இருப்பது நிறமில்லாத பிளெண்டரையும் சேர்த்து 108.

மலிவு மார்க்கர் வாங்குவதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. தன் சொந்தப் பெயரில், தன் விலையில் விற்கும் மலிவு மார்க்கரில் பழகுகிறவர்களுக்குப் போதுமான நல்ல செட்டுகள் உண்டு. இன்னொருவர் பெயரை ஒட்டி விற்பதுதான் குற்றம். 1999 ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தில் இதற்குச் சிறைத் தண்டனையே இருக்கிறது.

இனி, பெட்டி வந்த பிறகு செய்யவேண்டியது. ஆர்டர் போட்ட அன்றே விற்பனைப் பக்கத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: தலைப்பு, விற்பவர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, எம்ஆர்பி எல்லாம் தெரியும்படி. புகார் போன பிறகு தலைப்பில் இருந்த “கோபிக்” என்ற சொல் காணாமல் போகும், எங்களுக்கு அப்படித்தான் போனது. பார்சலை உடைப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். முகவரி ஸ்டிக்கர், சீல், உள்ளிருக்கும் பேனாக்கள் மூன்றும் ஒரே ஓட்டத்தில் வரட்டும். சட்டம் வீடியோ கேட்கவில்லை, ஆனால் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் கேட்பார். பெட்டியில் இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். 2011 ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிப்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதமும் ஆண்டும், எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு எல்லாம் இருந்தே ஆகவேண்டும். நம் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை.

புகாரில் “பிடிக்கவில்லை”, “தரம் சரியில்லை” என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பயன்படுத்திய பொருள் என்று மறுத்துவிடுவார்கள். “போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்னது இல்லை” என்று எழுதுங்கள். 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, போலியாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருக்கும் பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. சந்தை நடத்துபவரின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகப் பதில் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பும் செயலியில் எங்காவது அடியில் இருக்கும். சாட்டில் மல்லுக்கட்டுவதை விட்டு அவருக்கே நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். எங்கள் விஷயம் அசைந்தது அந்த மின்னஞ்சலில் விதியையும் குறியீட்டுப் படங்களையும் இணைத்த பிறகுதான். அங்கும் நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.

பாதிப் பணத்துக்குச் சம்மதிக்காதீர்கள். செயலியில் அதற்குச் சம்மதம் சொல்லும் பொத்தானை அழுத்தினால் புகார் முடிந்ததாகப் பதிவாகும், பிறகு திரும்பத் திறக்க முடியாமல் போகலாம்.

இன்ஸ்டாகிராம் கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வாங்குவோர் இன்னும் கவனமாக இருங்கள். பில்லும் ஜிஎஸ்டி எண்ணும் தராமல், யுபிஐயில் முன்பணம் மட்டும் கேட்கிறவரிடம் விலையுயர்ந்த செட் வாங்காதீர்கள். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் கடையில் நேராக வாங்கினாலும் பில்லில் “மார்க்கர் செட்” என்று எழுதவிடாமல், கோபிக் ஸ்கெட்ச் என்று முழுப்பெயரும் எண்ணிக்கையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். புகாருக்குப் பிறகு “ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த லிங்கைத் திறந்து பின் போடுங்கள்” என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. போட்டுப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையப் பணமோசடி உதவி எண் 1930 ஐ அழையுங்கள்.