எம்சிபி ஃபைல்சிஸ்டம் சர்வர்: கருவி விளக்கங்கள் எப்படி இருக்கின்றன?

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் திறந்த மூலமாக வெளியிட்ட, ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளோடும் தரவுகளோடும் இணைக்கும் எம்சிபி நெறிமுறையின் மாதிரி சர்வர்களுள், கோப்புகளைக் கையாளும் ‘ஃபைல்சிஸ்டம்’ சர்வரை அதன் கருவி விளக்கங்களுக்காகவே, அதாவது ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும் என்று ஏஐக்குச் சொல்லும் குறிப்புகளுக்காகவே, பரிந்துரைப்பேன். ஏஐ ஏஜென்ட் (கருவிகளைக் கொண்டு தானே வேலைகளைச் செய்யும் ஏஐ) பொதுவாக நிரலைப் படித்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெயர், விளக்கம், உள்ளீட்டு வரையறை ஆகியவற்றை நம்பியே முடிவெடுக்கிறது. இங்கே ‘ரைட் ஃபைல்’ கருவியின் விளக்கம், ஏற்கெனவே உள்ள கோப்பை எச்சரிக்கையின்றி முழுவதும் மாற்றி எழுதிவிடும் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது; ‘மூவ் ஃபைல்’ விளக்கமோ, சேருமிடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் செயல் தோல்வியடையும் என்கிறது. பல கோப்புகளை ஒருசேரப் படிக்கும் கருவியில், ஒன்றைப் படிக்க முடியாவிட்டாலும் மற்றவை தடைபடா என்ற குறிப்பு உள்ளது. தோல்வி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதிவைக்கும் இந்தப் பொறுப்புணர்வை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறையும் உண்டு. ‘ரைட் ஃபைல்’ விளக்கம் கவனமாகப் பயன்படுத்தச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. சிறு திருத்தங்களுக்கு, கோப்பில் எழுதாமலே மாற்றத்தை முன்னோட்டமாகக் காட்டக்கூடிய ‘எடிட் ஃபைல்’ இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால், ஏஜென்ட் சரியான கருவியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடும். அனுமதிக்கப்பட்ட கோப்புறைகளுக்குள் மட்டுமே இயங்கும் என்ற வாக்கியம் பெரும்பாலான விளக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது, டோக்கன் (ஏஐ படிக்கும் உரைத் துண்டு) செலவைக் கூட்டினாலும், எனக்குச் சரியாகவே படுகிறது.