அதிரும் சல்லடைக்கு ஸ்பிரிங் வாஷரா, ஆப்பு வாஷரா?

மலேசியாவின் பகாவ் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் பழுதுபார்க்கும் வேலை செய்பவர்களுக்கு, கச்சா எண்ணெயைச் சலிக்கும் அதிரும் சல்லடையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆலையில் அதன் போல்ட்டுகள் அதிர்வில் கழலாமல் இருக்க ஆப்பு வாஷரையே போட்டுவிட்டோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

ஸ்பிரிங் வாஷர், அதாவது ஓரிடத்தில் வெட்டிச் சற்றே முறுக்கிய வளையம், மலிவு. எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலான் நட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்காது. குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் அதற்கு இடமில்லை.

தீர்மானித்தது அதிர்வின் திசை. போல்ட்டுக்குக் குறுக்காகத் தகடுகள் வழுக்கும்போதுதான் நட் தானாகத் திரும்பிக் கழல்கிறது என்பதை 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் காட்டினார். சல்லடையில் நடப்பது அதுவே. ஸ்பிரிங் வாஷரோ, இறுக்கும்போது போல்ட்டில் உண்டாகும் முழு இழுவிசையில் சிறு பங்கு ஏறியதுமே தட்டையாகிவிடும். பிறகு அது சாதாரண வாஷர்தான்.

ஆப்பு வாஷர் ஜோடியாக வரும். வெளிப்பக்கப் பற்கள் நட்டையும் தகட்டையும் கவ்வும். உட்பக்கச் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அந்தச் சரிவு மரையின் சரிவைவிடச் செங்குத்தானது. கழல வேண்டுமானால் நட் அதில் ஏறியாக வேண்டும். ஏறினால் போல்ட் இன்னும் இழுபடும். அதனால் நின்றுவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் நட்டின் அடியில் பல் பதிந்த தடம் வட்டமாகத் தெரியும். தடம் இல்லையென்றால் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அடியில் தனியாக ஒரு தட்டை வாஷர் வைப்பதும் தவறு. அது சேர்ந்து சுழன்றுவிடும்.

விலை பல மடங்கு அதிகம். ஆனால் பற்கள் மழுங்காதவரை திரும்பப் போடலாம். பராமரிப்பு நாளில் ஸ்பேனரோடு நிற்கும் நேரமும் குறைகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. நட் துளியும் திரும்பாமலேயே இறுக்கம் குறையும். தகடுகளுக்கு நடுவே தடித்த பெயின்ட் அமுங்கிப் படிந்தால், குட்டையான போல்ட் தன் இழுவிசையில் பெரும்பகுதியை இழந்துவிடும். நீளமான போல்ட் அதே படிவைச் சமாளிக்கும். இதை எந்த வாஷரும் தடுக்காது. பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி இறுக்குங்கள். மரையில் எண்ணெய் பட்டிருந்தால் ஸ்பேனரில் கொடுக்கும் அதே முறுக்குவிசைக்கு போல்ட்டின் இழுவிசை கூடும், அதையும் கணக்கில் எடுங்கள்.

எந்நேரமும் ஈரத்தில் நிற்கும் இணைப்புகளில் எனக்கு அனுபவம் குறைவு. அசையாத கூரைத் தூண்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.