2450 ராண்ட் போச்சு – டர்பன்ல ஆன்லைன்ல கிளட்ச் கிட் வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

நகத்துக்குள்ள இன்னும் கிரீஸ் போகல, அப்படியே உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 2450 ராண்ட்ங்க. எங்க வீட்டுல அது ரெண்டு வாரத்து மளிகை. பார்ட்ஸ் வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன், முதல்ல நடந்ததைக் கொட்டிடுறேன், இல்லேன்னா எனக்கு இன்னைக்கு சோறு இறங்காது.

நான் தூத்துக்குடிக்காரன், தென்னாப்பிரிக்கா டர்பனுக்கு வந்து ஒம்பது வருஷம், சாட்ஸ்வர்த்ல வாடகைக்கு இருக்கேன், வேலை க்ளூஃப்ல. வண்டி பழைய டொயோட்டா டாஸ். இந்த ஊர்லயே செஞ்ச வண்டி, 2006ல நிறுத்திட்டாங்க, ஆனாலும் எங்க திரும்புனாலும் ஒண்ணு ஓடிட்டு இருக்கும். டிசம்பர்ல இருந்தே ஃபீல்ட்ஸ் ஹில் மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டர மிதிச்சா சத்தம் மட்டும் ஏறுது, வேகம் இறங்குது, பின்னாடி டாக்ஸிக்காரன் ஹாரன்லயே கைய வச்சிட்டு வர்றான். கிளட்ச் ஸ்லிப், அதாவது கிளட்ச் பிடிக்காம வழுக்குது. ஒர்க்ஷாப்ல கேட்டா 6500ங்கறாங்க. பக்கத்து வீட்டு அங்கிள் ரிட்டயர்டு ஃபிட்டர், "தம்பி, பார்ட்ஸ் மட்டும் நீ கொண்டா, கியர்பாக்ஸ் நம்ம இறக்கலாம்"னார். அவர் தமிழ் பாதி இங்கிலீஷ், ஆனா சொன்னா செய்வார்.

பழசு புதுசு எல்லாம் விக்கிற ஒரு ஆன்லைன் சந்தை ஆப்ல கிளட்ச் கிட் தேடுனேன், அதாவது கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் சேர்ந்த செட். "ஒரிஜினல் ஜப்பான், புதுசு, சீல் பிரிக்கல, 2450"னு ஒரு விளம்பரம். போன் போட்டா எடுத்தவுடனே "வணக்கம் அண்ணே"ங்கறான்! இந்த ஊர்ல நம்மாளுங்க முக்காவாசிப்பேருக்கு தமிழ்ல பேச வராது, வணக்கம்னு கேட்டதும் எனக்கு உள்ள குளுகுளுன்னு ஆயிடுச்சு, அதான் நான் விழுந்த இடம். காவடிக்கு விரதம் இருக்கேன்னான், முருகன் மேல ஆணையா புது மால்தான்னான். ஷாப்பிங் சென்டர் கார் பார்க்ல வந்தான், நெத்தில விபூதி, கழுத்துல மாலை. பெட்டிய கைல குடுத்துட்டு "சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது அண்ணே, இப்ப பிரிக்காதீங்க, வண்டிய கழட்டிட்டு பிரிங்க, தூசி படக்கூடாது"ன்னான். எவ்வளவு அக்கறை பாருங்க. நின்ன இடத்துலயே போன்ல பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணேன், 2450, உடனே போயிடுச்சு. ரசீது கேட்டேன், வாட்ஸப்ல அனுப்புறேன்னான். இன்னைக்கு வரைக்கும் வரல.

சனிக்கிழமை காலைல ஆரம்பிச்சோம். பேட்டரி எடுத்து, ஆயில் வடிச்சு, ரெண்டு டிரைவ் ஷாஃப்டையும் உருவி, கியர்பாக்ஸை நான் நெஞ்சுல தாங்கி அங்கிள் ஜாக்கிய மெல்ல இறக்கி, சாயங்காலம் ஆறு மணி ஆயிடுச்சு. பழைய பிளேட்ல ரிவெட் தலைக்கும் லைனிங்குக்கும் (பிளேட் மேல ஒட்டியிருக்கற, உரசித் தேயுற பட்டை) உயர வித்தியாசமே இல்ல, நகம் வச்சா தட்டுப்படல. அந்த வித்தியாசம் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழ போனாலே மாத்தணும். பிளேட் ஒட்டிச் சுத்துற இஞ்சின் சக்கரம், பிளைவீல், அதுல நீலமா சூடு பிடிச்ச தடம், எமரி பேப்பர் போட்டுத் தேச்சோம்.

ஞாயித்துக்கிழமை பெட்டிய பிரிச்சா குப்னு பெயிண்ட் வாசம். அங்கிள் மூக்க சுருக்கி "ஈஷ், புது கிளட்ச்ல ஏன் தம்பி பெயிண்ட் மணக்குது"ன்னார். நான் கேக்கல. கடை எல்லாம் மூடியிருக்கு, கியர்பாக்ஸ் தரைல கிடக்கு, திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். இதுல என் தப்பும் இருக்கு, ஒத்துக்கறேன். விளக்குமாத்துக் கட்டைல டேப் சுத்தி பிளேட்டை நடுவுல நிறுத்தி, போல்ட்டை குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா முடுக்கி, எல்லாத்தையும் ஒழுங்காத்தான் பண்ணோம்.

சரியா 19 நாள். மறுபடி ஃபீல்ட்ஸ் ஹில், மறுபடி அதே டாக்ஸி ஹாரன்.

போன் போட்டேன். முதல் நாள் "சப்ளையரைக் கேட்டு சொல்றேன் அண்ணே". மூணாவது நாள் "பிரதர், சப்ளையர் லீவு". அடுத்த வாரம் "சார், நீங்க மெக்கானிக்கா, பதிவு பண்ண ஒர்க்ஷாப்ல மாட்டுன பில் இருக்கா, வீட்டுல மாட்டுனா வாரண்டி இல்ல". அண்ணே போய் பிரதர் ஆகி பிரதர் போய் சார் ஆயிட்டேன் பாத்தீங்களா. நுகர்வோர் சட்டப்படி வியாபாரிகிட்ட வாங்குன குறை உள்ள பொருளை ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாமேன்னு எழுதுனேன். "நான் வியாபாரி இல்ல, வீட்டுல கிடந்ததை வித்தேன்"னு ஒரு வரி. அவன் பேர்ல மட்டும் 14 கிளட்ச் கிட் விளம்பரம் ஓடுது, இவன் வீட்டுல கிடந்ததாம்! அப்புறம் பிளாக். ஆப்காரங்களுக்குப் புகார் போட்டா "வாங்குறவரும் விக்கிறவரும் பேசித் தீத்துக்கணும்"னு ஒரு ரெடிமேட் பதில்.

நேத்து திரும்பக் கழட்டுனோம், இன்னொரு ஞாயித்துக்கிழமை போச்சு. பிரஷர் பிளேட்டை ஸ்க்ரூடிரைவரால சுரண்டுனா கருப்பு பெயிண்ட் தோல் மாதிரி உரியுது, உள்ள செம்பழுப்பா துரு. நடுவுல விரல் விரலா இருக்கற ஸ்பிரிங் நுனியில பேரிங் உரசி உரசி விழுந்த பள்ளம், எத்தனை வருஷம் ஓடுச்சோ. பிளேட்டை கைல எடுத்து ஆட்டுனா ஒரு ஸ்பிரிங் சலங்கை மாதிரி குலுங்குது. லைனிங் மட்டும் புதுசா ஒட்டி ரிவெட் அடிச்சிருக்கான், அதுல மூணு ரிவெட் சரியாவே விரியல, லைனிங் தூக்கிட்டு நிக்குது. ரிலீஸ் பேரிங்ல பேர் இருக்க வேண்டிய இடத்தை கிரைண்டர்ல தேச்சு எடுத்திருக்கான், சுத்துனா கரகரங்குது. யாரோ தூக்கிப் போட்ட குப்பைக்கு பெயிண்ட் அடிச்சு எனக்கு 2450க்குக் குடுத்திருக்கான். விரதம் இருந்துட்டு. அந்த பெட்டி மட்டும்தான் புதுசு. அங்கிள் ஒண்ணுமே சொல்லல, டீ போட்டுக் கொண்டு வந்து குடுத்தார், அதுதான் ரொம்ப வலிச்சுது.

சரி, என்ன பாக்கணும்னா, வேலைக்கு நேரமாச்சு, சுருக்கமா சொல்றேன். பணம் அனுப்பறதுக்கு முன்னாடி பெட்டிய பிரிச்சுப் பாருங்க, பிரிக்க விடலன்னா திரும்பி வந்துடுங்க. பெயிண்ட் வாசம் வந்தா வேண்டாம். பேரிங்ல கம்பெனி பேர் பாருங்க, பழைய பிளேட்டை கொண்டு போய் அளவும் நடு ஓட்டைல இருக்கற பல்லும் ஒத்துப் பாருங்க. ரசீது கைல வாங்குங்க. வணக்கம் சொன்னான்னு உருகாதீங்க.

நான் விடப் போறதில்ல. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்னு சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட் இருக்கு, அதுல 20,000 ராண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாமலே கேஸ் போடலாம், முதல்ல 14 நாள் டைம் குடுத்து லெட்டர் குடுக்கணும், அதுக்குத்தான் அவன் அட்ரஸ் தேடிட்டு இருக்கேன். நேத்து ராத்திரி மனைவி போன்ல இருந்து பாத்தேன். அதே பெட்டி படம், அதே 2450, கீழ "கடைசி ஒண்ணு, சீக்கிரம்"னு போட்டிருக்கான். டாஸ் வச்சிருக்கவங்க யாராச்சும் அதைப் பாத்துட்டு இருந்தீங்கன்னா, போனை எடுக்காதீங்க.