பிஏவா, ஸ்பெக்டரா, ஆன்டி-மேஜா: நம் மலைநாட்டு நெட்டுக்கு எந்தக் கொலையாளி?

ஐவருக்கு ஐவர் மோதும் ஆன்லைன் கேம் டோட்டா 2-வில் கேரி (பொருள் சேர்த்து வளர்ந்து பின்னால் அணியைத் தாங்கும் ஹீரோ) ஆடப் பழகும் தம்பிகள் ஹட்டன், தலவாக்கலை பக்கமிருந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ஃபேன்டம் அசாசின் (சுருக்கமாக பிஏ), ஸ்பெக்டர், ஆன்டி-மேஜ் ஆகிய மூவரில் கடைசியில் யார் பெரிய ஆள்? மூவருமே, வார்கிராஃப்ட் 3 கேமை மாற்றி ரசிகர்கள் செய்த மோட்டாக டோட்டா இருந்த காலத்திலிருந்து வரும் பழைய ஹீரோக்கள். ஆரம்பத்தில் சோர்ந்து கிடந்து, பொருள் சேரச் சேர எதிரணியை ஓடவிடுகிறவர்கள்.

40 ஆவது நிமிடத்தில் மூவரும் பயங்கரம்தான். அங்கே வித்தியாசம் தேடுவதைவிட, அந்த நிமிடம் வரை நம்மை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று பார்ப்பது பிரயோசனம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கம்பியில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊர் நம்முடையது. மழை பிடித்தால் ரூட்டரில் சிக்னல் இருக்கும், ஆனால் நெட் இழுக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஹீரோ தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கேரி என்பவர் நான்கு பேரின் விட்டுக்கொடுப்பில் வளர்கிறவர். சீட்டு மாதிரிதான்: எல்லோரும் கட்டுகிறார்கள், முதலில் ஒருவர் எடுக்கிறார், எடுத்தவர் பின்னால் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவார் என்ற நம்பிக்கையில் எல்லாம் ஓடுகிறது. இந்த மூன்று ஹீரோக்களும் எடுக்கும் தொகை வேறு, திருப்பித் தரும் காலமும் வேறு. என்னைக் கேட்டால் ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

பிஏ எடுப்பது குறைவு, திருப்பித் தருவதும் சீக்கிரம். லேனில், அதாவது ஆரம்பத்தில் எதிரியோடு மோதும் பாதையில், ஸ்டைஃப்லிங் டேகர் என்ற எறிகத்தி ஒன்று போதும், தூரத்தில் நின்றே லாஸ்ட் ஹிட் (தங்கம் தரும் கடைசி அடி) எடுத்துக்கொள்ளலாம். எதிரி கிட்ட வந்து மிரட்டினாலும் முழுப்பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஒரு பேட்டில் ஃப்யூரி அல்லது டெசொலேட்டர் வந்ததுமே சண்டைக்குப் போகலாம். கூப் டி கிராஸ் என்ற அவளுடைய ஸ்கில் முழு லெவலில் 450 சதவீத கிரிட்டிகல், அதாவது சாதாரண அடியைப்போல் நாலரை மடங்கு அடி தரும்; அது விழுகிற அடியில் எதிரி சப்போர்ட் ஒருவர் நின்ற இடத்திலேயே காலி. டேகர் எறிந்தாலும் கிரிட்டிகல் விழலாம் என்பதைப் புதிதாக ஆடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். உயிர் கொஞ்சமாக வைத்துக்கொண்டு ஓடுகிற எதிரிக்குப் பின்னால் காடு மேடெல்லாம் ஓடாதீர்கள், டேகரை எறியுங்கள்.

நெட் இழுக்கும் ஊரில் பிஏவை நான் உயர்த்திப் பேசுவதற்குக் காரணம் அவளுடைய ஸ்கில்கள் கேட்கும் கைவேகம். டேகரும், எதிரியிடம் தாவும் ஃபேன்டம் ஸ்ட்ரைக்கும் ஆளைக் குறித்துக் கிளிக் செய்கிற வகை. கட்டளை கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், குறித்த ஆள் எட்டும் தூரத்திலேயே இருந்தால் நினைத்தது நடக்கும். பிளர் போட்டுக்கொண்டு எதிரியின் பார்வையில் படாமல் கிட்டப் போவதற்கும் விரலைவிடப் பொறுமைதான் முக்கியம்.

அவளுக்குக் குறையும் உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது. உயிர் குறைவு. கொஞ்ச நேரம் மந்திரங்களிலிருந்து காக்கும் பிகேபி என்ற பொருளை வாங்குவதைத் தள்ளிப்போட்டால் ஒரே ஸ்டன்னில் (அசையவிடாமல் நிறுத்தும் மந்திரத்தில்) முடிந்துவிடுவாள். டோட்டாவில் செத்தால் கையிலிருக்கும் தங்கத்திலும் ஒரு பங்கு போகும், ஆகவே ஒவ்வொரு சாவும் அடுத்த பொருளைத் தள்ளிப்போடும். எதிரணி மங்கி கிங் பார் வாங்கினால், அடியைத் தவறவைக்கும் அவளுடைய தன்மையில் பெரும்பகுதி பயனற்றுப் போகும். சில்வர் எட்ஜ் என்ற ஆயுதம் அவளுடைய பாஸிவ்களை (தானாக வேலை செய்யும் ஸ்கில்களை) கொஞ்ச நேரம் அணைத்துவிடும். ஆக்ஸ் என்ற ஹீரோ எதிரிகளைத் தன்னையே அடிக்கவைக்கும் ‘கால்’ (Call) ஸ்கில் பிகேபியையும் தாண்டிப் பிடிக்கும். எதிரணியில் ஆக்ஸைப் பார்த்த பிறகும் பிஏ எடுப்பவர் அவன் எங்கே நிற்கிறான் என்பதை ஆட்டம் முழுக்க மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஸ்பெக்டர் நேர்மாறு. பெரிய தொகையை எடுத்துக்கொண்டு நீண்ட நாள் கழித்துத் தருகிறவள். கிட்ட நிற்பவர்களை எரிக்கும் ரேடியன்ஸ் என்ற பொருள்தான் அவளுக்கு முக்கியம்; அதன் விலை ஐயாயிரம் தங்கத்தை ஒட்டியது. அது வரும்வரை கூட்டமாக நிற்கும் கிரீப்களை (கொன்றால் தங்கம் தரும் சிறு படைகளை) வேகமாக அழிக்க அவளிடம் சரியான வழி இல்லை. அந்த நேரம் முழுக்க மற்ற நான்கு பேரும் டவரைக் காக்க வேண்டும், இரண்டு மூன்று சண்டையில் தோற்கவும் வேண்டியிருக்கும், அப்போதும் கோபப்படாமல் இருக்க வேண்டும். டெத் ப்ராஃபெட் மாதிரி சீக்கிரம் டவர் உடைக்கிற ஹீரோ எதிரே இருந்தால் அந்தப் பொறுமைக்கே நேரம் கிடைக்காது.

ஆனால் ரேடியன்ஸ் வந்துவிட்டதென்றால், மூவரில் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அவளுடையதுதான். வரைபடத்தின் எந்த மூலையில் சண்டை நடந்தாலும் தன் நிழலை அனுப்பி அங்கே தாவிவிடுவாள். ஃபார்ம் (கிரீப்களைக் கொன்று தங்கம் சேர்ப்பது) செய்துகொண்டிருந்த இடத்திலிருந்தே சண்டைக்குப் போகிற வசதி மற்ற இருவருக்கும் இல்லை. அவளை அடித்தால் அந்த அடியில் ஒரு பங்கு டிஸ்பெர்ஷன் என்ற ஸ்கில் வழியாக அடித்தவர்களுக்கே திரும்பும். தனியாக மாட்டுகிறவரை டெசொலேட் என்ற ஸ்கில் விடாது. மற்ற பெரும்பாலான கேரிகளுக்குச் சண்டையில் எங்கே நிற்பது என்பதே பெரிய பாடம். ஸ்பெக்டருக்கு எப்போது தாவுவது என்பதுதான் பாடம். அந்தத் தருணத்தை ஒருவர் சொல்லித் தரவும் முடியும். "அண்ணே, இப்ப போடவா?" "பொறு தம்பி, ஆக்ஸ் பிடிச்சதும் தாவு." இப்படிப் பேசிக்கொண்டு ஆடும் ஐவருக்கு ஸ்பெக்டர் மாதிரி ஹீரோ கிடையாது.

பிரச்சினை, ஆட்டம் நீளுகிறது என்பதுதான். ஆட்டம் நீள நீள, அதற்குள் பத்துப் பேரில் யாராவது ஒருவருடைய இணைப்பு அறுந்துபோகும் வாய்ப்பும் கூடுகிறது. டோட்டாவில் ஆட்டத்தை நிறுத்திவைக்க முடியும் என்பது நம் ஊருக்குப் பெரிய வரம். ஆனாலும் எதிரணி நிறுத்தத்தை எடுத்துவிடலாம். ஒருவர் 5 நிமிடம் இணைப்பில்லாமல் இருந்தால் ஆட்டத்தைக் கைவிட்டவராகக் கணக்கு. தெரியாத நான்கு பேரோடு, காற்று அடிக்கும் இரவில், தரவரிசைக்காக ஆடும் ரேங்க்டில் ஸ்பெக்டர் எடுப்பது அந்த நான்கு பேருக்கும் நியாயமில்லை என்றுதான் சொல்வேன்.

கொழும்பில் வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்கு வந்து, ஐந்து பேர் ஒன்றாக அமர்கிற நாட்களில் கதை வேறு. யாருடைய கரண்ட் போனாலும் மற்றவர்களுக்கு உடனே தெரியும், யாரும் யாரையும் திட்டப் போவதில்லை. அப்போது ஸ்பெக்டரை எடுத்து நிதானமாக வளர்க்கலாம். பழகுவதற்கு டர்போ மோட் நல்லது: தங்கமும் அனுபவமும் வேகமாக வரும், ரேடியன்ஸுக்குப் பிந்தைய ஆட்டத்தைச் சீக்கிரமே பார்த்துவிடலாம்.

ஆன்டி-மேஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அருமையான ஹீரோ, ஆனால் சுத்தமான பிங் (கட்டளை தாமதமில்லாமல் போய்ச் சேரும் இணைப்பு) இல்லாதவர் தொடக் கூடாது. அவனுடைய உயிரே நொடியில் இடம் மாறும் பிளிங்க்கில் இருக்கிறது. எதிரி வருவது தெரிந்து அழுத்தினாலும், கட்டளை சர்வருக்குப் போவதற்குள் ஸ்டன் விழுந்துவிடும். கவுன்ட்டர்ஸ்பெல்லை நேரம் பார்த்து அழுத்தி மந்திரத்தைத் திருப்பி அனுப்புவது இன்னும் நுணுக்கம், அதற்கான நேரம் மிகக் குறுகியது. ஃபைபர் இணைப்பு உள்ளவர், மெடுசா அல்லது ஸ்டார்ம் ஸ்பிரிட் மாதிரி மந்திர சக்தியான மனாவை நம்பி வாழும் ஹீரோ எதிரே வந்தால், தைரியமாக எடுக்கட்டும். தன் அணியிடம் அவன் கேட்பதும் அதிகம்: அவன் ஒரு மூலையில் டவரை உடைக்கும்போது மற்றவர்கள் நால்வராக ஐவரைத் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே தனியாக, 4ஜி ரூட்டரில், யாரென்று தெரியாத அணியோடு ஆடுகிறவருக்கு என் தேர்வு பிஏ. முதலில் எதை வாங்குவது என்பதற்கும் இதே கணக்குதான். அணி தாக்குப்பிடித்து நிற்கிறது, காட்டில் ஃபார்ம் செய்ய நேரம் இருக்கிறது என்றால் பேட்டில் ஃப்யூரி. லேன் நன்றாகப் போய், எதிரணி இப்போதே தடுமாறுகிறது என்றால் டெசொலேட்டர், அடுத்தது உடனே பிகேபி. மழை இறங்கும் அறிகுறி தெரிகிற மாலையில் நான் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன், கரண்ட் போவதற்குள் ஆட்டம் முடிய வாய்ப்பு அதில்தான் கூடுதல்.