14416-க்கு அழைத்த அந்த ராத்திரி

கணக்கில் 41 வாங்கியதிலிருந்து பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் "நான் எதுக்கும் லாயக்கில்லைம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். 3,000 ரூபாய் கட்டி ஒரு தன்னம்பிக்கைப் பயிலரங்குக்கு அனுப்பினேன். கை தட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் டெலிமானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன். ஆலோசகர் அறிவுரை சொல்லவில்லை. "உள்ளே இருப்பது கோபமா, பயமா, வெட்கமா?" என்று கேட்டுவிட்டு, அவளே பெயர் சொல்லும்வரை பொறுமையாக இருந்தார். "வெட்கம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் மக்கு" என்பதை "இந்தப் பரீட்சையில் அல்ஜீப்ரா வரவில்லை" என்று மாற்றி எழுதச் சொன்னார்.

இப்போது அவள் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க அப்படி வரிகள்தான்.