ரிங்கிட் எக்ஸ்சேஞ்சில் ஐந்தரை வருடம்: பெரிய ஆர்டர் வந்தால் விலைக்கு என்ன ஆகிறது

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் வேலை. 2020 ஏப்ரலில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்த நாட்களில், உரிமம் பெற்ற உள்ளூர் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் கணக்குத் திறந்தேன். 2019 ஜனவரி 15 முதல் டிஜிட்டல் நாணயங்கள் இங்கே செக்யூரிட்டீஸ் கமிஷனின் சட்டத்துக்குள் வந்துவிட்டன, வங்கிக் கணக்கிலிருந்தே ரிங்கிட் போட்டு வாங்கலாம் என்ற தைரியம்தான். இன்றுவரை அதே கணக்கு. எவ்வளவு லாபம், எவ்வளவு நட்டம் என்று எழுத வரவில்லை. பெரிய கைகள் வாங்கும்போதும் விற்கும்போதும் விலை எப்படி நகர்கிறது என்பதை இத்தனை நாள் ஆர்டர் புக்கைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஆரம்பத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் காசு மிஞ்சியிருக்கும்.

ஆர்டர் புக் என்பது என்ன விலைக்கு எவ்வளவு வாங்க, விற்க ஆர்டர்கள் காத்திருக்கின்றன என்ற பட்டியல், அதைத் தேங்காயை வைத்துச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். தைப்பூசத்துக்கு முதல் நாள், வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உடைப்பதற்காகப் பினாங்கில் மூட்டை மூட்டையாகத் தேங்காய் வாங்குவார்கள் அல்லவா? ஒரு கடையில் 1,000 தேங்காய் 2 வெள்ளிக்கு, அதாவது 2 ரிங்கிட்டுக்கு, இருக்கிறது, பக்கத்துக் கடையில் 800 தேங்காய் 2.20-க்கு, அதற்கடுத்த கடையில் 2.60-க்கு என்று வைத்துக்கொள்வோம். வேண்டுதல் வைத்த ஒருவர் வந்து 3,000 தேங்காய் இப்போதே வேண்டும், விலை என்னவானாலும் சரி என்கிறார். முதல் கடை காலி, இரண்டாவது கடை காலி, மீதியை மூன்றாவது கடையில் 2.60-க்கு எடுக்கிறார். எந்தக் கடைக்காரரும் விலையை ஏற்றவில்லை. மலிவாக இருந்தது தீர்ந்துபோனது, அவ்வளவுதான். அடுத்து வருகிறவர் விலை கேட்டால் 2.60 என்றுதான் பதில் வரும். எக்ஸ்சேஞ்ச் திரையில் பெரிய எழுத்தில் தெரிகிற விலையும் இதுதான், கடைசியாக ஒரு காயின் என்ன விலைக்குக் கைமாறியதோ அது. அடுத்த காயின் அதே விலைக்குக் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தமே இல்லை.

இதை நான் தெரிந்துகொண்டது என் சொந்தக் காசில். 2021 பிப்ரவரியில் ஒரு சின்ன காயினை 6,000 வெள்ளிக்கு மார்க்கெட் ஆர்டரில், அதாவது என்ன விலை இருந்தாலும் உடனே முடிக்கும் ஆர்டரில், வாங்கினேன். திரையில் விலை 2.40. ஆனால் அந்த விலையில் விற்பனைக்கு இருந்தது 500 காயின்தான். 2.42-இல் 400, 2.47-இல் 600, மீதிக் காசு முழுக்க 2.55-இல் போய் முட்டியது. 2,500 காயின் வரும் என்று நினைத்தவனுக்குக் கிடைத்தது 2,421. கிட்டத்தட்ட 188 வெள்ளி, கட்டணம் சேர்க்காமலேயே, ஒரு விநாடியில் போயிற்று. அடுத்த நிமிடமே வேறு யாரோ 2.41-க்கு விற்க வைத்தார், விலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அந்தச் சந்தையில் விலையை ஆட்டிய பெரிய ஆள் நான்தான், வாங்கியதோ 6,000 வெள்ளிக்கு!

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே, ரிங்கிட் சந்தைக்கு அது அப்படியே பொருந்தும். திமிங்கலம் என்றால் ஆயிரக்கணக்கில் பிட்காயின் வைத்திருப்பவர் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். டாலர் சந்தையில் அது சரி. நம் உள்ளூர்ப் புக்கில் பிட்காயினைத் தாண்டிச் சின்ன காயின்களுக்குப் போனால் கிணறு முழங்கால் ஆழம்தான், அதில் யார் குதித்தாலும் தண்ணீர் கரை தாண்டும். அதுவும் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வாங்குகிறவர்களும் இருப்பதில்லை, விற்கிறவர்களும் இருப்பதில்லை. நைட் ஷிப்டில் இடைவேளைக்குப் போகும்போது நான் பார்ப்பது அந்த வெறிச்சோடிய புக்கைத்தான்.

2022-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு நடந்ததை மறக்க முடியாது. ஒரு காயின் 1.93-இல் இருந்தது, நான் 1.85-இல் ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் தானாகவே விற்கும் ஆர்டர், வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். யாரோ ஒருவர் மொத்தமாக விற்றுத் தள்ளினார். விலை 1.85-ஐத் தொட்டதும் என் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டராக மாறியது, கீழே வாங்க ஆள் இல்லாததால் என் காயின் 1.71-க்குப் போனது. அரை மணி நேரத்தில் விலை மறுபடியும் 1.90. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளின் சார்ட்டைத் திறந்து பார்த்தேன், அங்கே அந்த நேரத்தில் ஒரு அசைவும் இல்லை. நம் புக்கில் மட்டும் நடந்த கூத்து. நடந்த வியாபாரங்களின் பட்டியலை உட்கார்ந்து கூட்டினேன், அந்த ஆள் விற்றது மொத்தம் 35,000 வெள்ளிச் சொச்சம். பழைய மைவி கார் ஒன்றின் விலை. அதுவே விலையை அவ்வளவு தூரம் இறக்கப் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அவர் விற்பனை என்னைப் போன்றவர்களின் ஸ்டாப் லாஸை எழுப்பிவிட, நாங்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக விற்றோம்.

பெரிய சந்தையிலும் இதே கதை நடந்திருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2017 ஜூன் 21 அன்று, காயின்பேஸ் நிறுவனத்தின் ஜிடாக்ஸ் எக்ஸ்சேஞ்சில் பல மில்லியன் டாலர் மதிப்புள்ள ஈத்தர் என்ற காயினை ஒரே மார்க்கெட் ஆர்டரில் யாரோ விற்றார்கள். 317.81 டாலரில் இருந்த விலை அந்த ஆர்டரிலேயே 224.48 வரை இறங்கியது. அதோடு நின்றிருந்தால் சரி. அந்த இறக்கம் சுமார் 800 ஸ்டாப் லாஸ் ஆர்டர்களையும் கடன் வாங்கிப் பிடித்திருந்தவர்களின் கணக்குகளையும் சேர்த்து விற்க வைத்தது, விலை சில கணங்களுக்கு 10 சென்ட்டுக்கே போனது. டாலர் இல்லை, சென்ட். காயின்பேஸ் பிறகு தன் கைக்காசிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்தது. இப்படி ஈடு கிடைப்பது எப்போதும் நடக்கிற விஷயம் இல்லை, எனக்கு ஒரு காசும் வரவில்லை, விதிமுறைப்படி எனக்கு வரவும் வேண்டியதில்லை. ஸ்டாப் லாஸ் மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஆனால் ஆழம் இல்லாத புக்கில் அது பாதுகாப்பு என்று நம்பித் தூங்குவதை அன்றோடு விட்டேன். இப்போது விலை எல்லை சேர்த்த ஸ்டாப் லிமிட்தான், அது சில நேரம் விற்காமலே போய்விடும் என்று தெரிந்தேதான் வைக்கிறேன்.

அப்புறம் சுவர். புக்கில் ஒரே விலையில் பெரிய ஆர்டர் நிற்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு முறை 2.30-இல் 40,000 காயின் வாங்குவதற்கு ஆர்டர் நின்றது. இதைத் தாண்டி விலை இறங்காது, பின்னால் பெரிய ஆள் இருக்கிறார் என்று நம்பி 2.33-க்கு வாங்கினேன். விலை 2.31-க்கு வந்ததும் சுவரைக் காணோம். ஒரு காயின்கூட அதில் வாங்கப்படவில்லை, ஆர்டரையே எடுத்துவிட்டார். விலை 2.21-இல் போய் நின்றது. வாங்கும் எண்ணமே இல்லாமல் ஆர்டரைக் காட்டி மற்றவர்களை நகர்த்துவதற்கு ஸ்பூஃபிங் என்று பெயர், அமெரிக்காவில் 2010-இல் வந்த டாட் ஃபிராங்க் சட்டம் இதை வெளிப்படையாகவே தடை செய்தது. என் விஷயத்தில் அவர் வேண்டுமென்றே செய்தாரா, மனம் மாறினாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதனால் நான் பழகிக்கொண்டது ஒன்றுதான், நிற்கிற ஆர்டரை விட்டுவிட்டு நடந்த வியாபாரத்தைப் பார்ப்பது. ஆர்டரை எந்த நேரமும் ரத்து செய்யலாம், நடந்த வியாபாரத்தை ரத்து செய்ய முடியாது.

உண்மையிலேயே நிறைய விற்க நினைப்பவர் பெரும்பாலும் சுவர் காட்டுவதே இல்லை. ஒரு விலையில் 300 காயின் விற்பனைக்குத் தெரியும், நீங்கள் வாங்கியதும் மறுபடி 300, அதையும் வாங்கினால் மறுபடி 300. பனிப்பாறை ஆர்டர் என்பது இதுதான், மேலே தெரிவது கொஞ்சம், தண்ணீருக்குள் இருப்பது நிறைய. ஒரு விலையைத் தாண்ட முடியாமல் சந்தை அரை மணி நேரம் திணறினால் இப்போது எனக்கு முதலில் வருகிற சந்தேகம் இதுதான். இன்னும் பெரியவர்கள் புக்கின் பக்கமே வருவதில்லை, தனியாகப் பேசி முடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த சுங்கை பட்டாணித் தம்பி ஒருவன் கேண்டீனில் ஓடி வந்து, "அண்ணே, திமிங்கலம் எக்ஸ்சேஞ்சுக்குக் காயின் அனுப்பிட்டானாம், நானும் வித்துடவா?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்னது ஜெர்மனி கதை. திருட்டுப் படத் தளம் ஒன்றின் வழக்கில் கைப்பற்றிய ஏறக்குறைய 50,000 பிட்காயினை 2024 ஜூன், ஜூலையில் அந்நாட்டு அதிகாரிகள் விற்றார்கள். ஒவ்வொரு முறை காயின் நகர்ந்ததும் உலகமே பார்த்தது, பயந்தது. ஜூலை 5 அன்று பிட்காயின் 54,000 டாலருக்கும் கீழே போனது. திவாலான பழைய எக்ஸ்சேஞ்ச் மவுண்ட் காக்ஸிடம் காயினைப் பறிகொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதும் அதே சமயம் தொடங்கியதால் பயம் இரட்டிப்பு. ஜூலை நடுவில் ஜெர்மனியின் கையில் ஒன்றும் மிச்சமில்லை, மாதம் முடிவதற்குள் விலை மீண்டும் 65,000-ஐத் தாண்டிவிட்டது. பெரியவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பயந்து விற்றவர்கள், அவர் விற்று முடிப்பதற்கு முன்பே மலிவில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பணப்பை மாறிய செய்தி எல்லாமே விற்பனையும் இல்லை, பல நேரம் எக்ஸ்சேஞ்சே தன் காயினை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றிக்கொள்வதுதான்.

எனக்கு இப்போது பயன்படுகிற அறிகுறி வேறு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. நம் புக்கில் இரண்டு பக்கமும் ஆர்டர் வைத்துக் காத்திருக்கும் மார்க்கெட் மேக்கர்கள் வெளிநாட்டு விலையைப் பார்த்துத்தான் இங்கே வைக்கிறார்கள். அங்கே பெரிதாக ஏதாவது நடந்தால் முதலில் இவர்கள் தங்கள் ஆர்டர்களை உருவிக்கொள்வார்கள், விலை இறங்குவது அதற்குப் பிறகுதான். 2025 அக்டோபர் 11, சனிக்கிழமை விடியற்காலை, நம் நேரத்துக்கு ஐந்து மணி சுமார், சீனப் பொருட்களுக்கு 100 விழுக்காடு வரி என்று டிரம்ப் அறிவித்ததும் உலகச் சந்தையில் கடன் வாங்கிச் செய்த 19 பில்லியன் டாலருக்கு மேற்பட்ட வியாபாரங்கள் கட்டாயமாக மூடப்பட்டன. நான் அப்போது ஷிப்ட் முடியக் காத்திருந்தேன். எப்போதும் இரண்டு மூன்று காசு இருக்கிற இடைவெளி 20 காசுக்கு விரிந்ததைப் பார்த்ததும் போனைப் பையில் வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் மார்க்கெட் பட்டனைத் தொட்டவர்களுக்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

எக்ஸ்சேஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணம் போடுவது, எடுப்பது இரண்டிலும் இந்த ஐந்தரை வருடத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை, எடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வங்கிக்கு வந்துவிடுகிறது. என் வருத்தம் அந்த ஆப்பின் மேல். போனில் புக்கின் மேல் எட்டு வரிதான் தெரியும், முழு ஆழத்தையும் பார்க்கக் கணினியைத் திறக்க வேண்டும், ஆனால் பெரிதாகத் தெரிகிற பச்சைப் பட்டனோ மார்க்கெட் ஆர்டர். புதிதாக வருகிறவர் அதைத்தான் தொடுவார், நானும் அதைத்தான் தொட்டேன். நீங்கள் போடும் தொகைக்குச் சராசரி விலை இவ்வளவு வரும் என்று உறுதி செய்வதற்கு முன் ஒரு வரி காட்டினால் போதும், இரண்டு முறை எழுதிக் கேட்டேன், கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

தம்பி விற்கவில்லை. அவனுக்கு விலையை நாமே குறிக்கிற லிமிட் ஆர்டர் வைக்கக் கற்றுக்கொடுத்தேன், தொகையை நான்காகப் பிரித்து நான்கு விலையில் வைத்திருக்கிறான். நானும் 0.94-இல் ஒன்று வைத்திருக்கிறேன், வைக்கும்போதே அந்த விலையில் எனக்கு முன்னால் 6,200 காயின் வரிசையில் நின்றது.