கெலிஓயாவில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கூரையைப் பாருங்கள்

கண்டியில் வாடகை கட்டுப்படியாகவில்லை, கெலிஓயாப் பக்கம் வரலாமா அக்கா என்று கூட வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். நேற்றுத்தான் மேசன்பாஸ் வந்து உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டுப் போனார். கூலி கொடுத்த கையோடு எழுதுகிறேன், கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பளை–கண்டி பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. ஆனால் காலையில் நேரம் பிந்தி ஏறினால், பேராதனையில் கொழும்பு வீதி வந்து சேரும் இடத்திலிருந்து கெட்டம்பே வரை ஊர்வலம்தான். ரயில் கிடைத்தால் விடவே கூடாது. பேராதனைச் சந்தி தாண்டி மகாவலிப் பாலத்தில் மெல்லப் போகும்போது வரும் காற்றுக்காகவே சீசன் டிக்கெட் எடுக்கலாம். அக்கம்பக்கமும் தங்கம். நோன்புக்குப் பக்கத்து வீட்டுக் கஞ்சி வரும், சித்திரைக்கு எதிர்வீட்டுப் பால்சோறும் கொக்கிஸும் வரும், தீபாவளிக்கு எங்கள் முறுக்கு போகும்.

சரி, இனிக் குரங்கு.

பட்டாளமாக வரும். பலா மரத்திலிருந்து கூரைக்கு ஒரே தாவல், இரண்டு ஓடு போச்சு. அது கூடப் பரவாயில்லை. ஒரு கிழட்டு ஆண்குரங்கு இருக்கிறது. முகட்டுக்குக் கீழே உட்கார்ந்து, ஓட்டை நிதானமாகத் தூக்கி, குசினிக்குள் எட்டிப் பார்க்கும். பாண் இருந்தால் இறங்கும். இல்லாவிட்டால் ஓட்டை அப்படியே சரித்துவிட்டுப் போகும். மழை வந்தால்தான் நமக்கு விஷயம் தெரியும். நான் கல்லடிக்கும் கெட்டபோலை எடுத்தால் அசையாது. என் கணவர் வெறுங்கையை ஓங்கினாலே ஓடும். பெண்பிள்ளை என்றால் அதற்குக் கூட இளக்காரம்!

2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டபோது எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் 15ஆம் தேதி காலை 8 மணிக்கு, ஐந்தே நிமிடம், பயிரை அழிக்கும் விலங்குகளை எண்ணச் சொன்னது அரசாங்கம். பேனையும் தாளுமாக நின்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்று வரவேண்டுமே! எட்டேகாலுக்கு மொத்தக் குடும்பமும் கூரையில்.

அதுகளைக் குறை சொல்லியும் பயனில்லை. மேலே காட்டை வெட்டி வீடு கட்டியது நாம்தான். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் "குரங்கு உடைத்ததற்கு நான் என்ன செய்ய" என்று கையை விரித்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை. அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள், தங்கச்சி.

ஓட்டுக்குப் பதில் கொங்கிரீட் சிலாப் போட்ட வீடு கிடைத்தால் யோசிக்காமல் அட்வான்ஸைக் கொடு. ஓட்டு வீடு என்றால் ரயிலும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம், கண்டியிலேயே இருந்துகொள்.